தெற்கே: பொதுச்சுவர்

உவர்மலையில்
மழைமரங்கள் இரண்டு வீதிக்கு மேலே
கிளை கோத்து நிற்கும் வளைவில்
ஒரு கூரை, இரண்டு வீடு.
அம்பத்தேழில் கட்டியது.
நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல்.
அந்தப் பக்கம் விற்பனைக்கு.
இந்தப் பக்கம் நான்.

விளம்பரத்தில் இப்படி:
முற்றாகப் புதுப்பிக்கப்பட்டது.
மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, சுடுநீர்.
மரநிழல். அமைதியான அயல்.

அமைதியான அயல் நான்தான்.
பதினொரு மாதக் கிரைண்டர் சத்தத்துக்குள்
வாயே திறக்காமல் இருந்ததற்குக் கிடைத்த பட்டம்.

ஒன்றையும் காணாமலே எல்லாம் தெரியும் எனக்கு.
சிவப்புச் சீமெந்துத் தரையை உடைத்த நாள்
என் அலுமாரிக்குள் கோப்பைகள் பல்லைக் கடித்தன.
குசினிச் சுவரை எடுத்த பிறகு
அங்கே யார் இருமினாலும்
இருமல் பெரிய ஆளாகிவிட்டது.
கிண்ணியா மேசன் ரவூப்
பன்னிரண்டரைக்குச் சாந்தகப்பையைக் கழுவுவார்.
அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு
நான் உலை வைப்பேன்.

ஒரு வெடிப்பு விழுந்தது,
சாமிப்படத்துக்கு மேலே தொடங்கி ஜன்னல் வரைக்கும்.
அந்தப் பக்கம் பூசிவிட்டார்கள்.
ரவூப் வந்து விரலால் தடவிப் பார்த்தார்.
"மிஸ், உங்கட பாதி மிச்சம் கிடக்கு.
காசு வேண்டாம், பூசித் தாறன்."
கிடக்கட்டும் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இன்னும் யோசிக்கிறேன்.

உரிமையாளன் சிவரூபன் ஒஸ்லோவில்.
சின்னனில் இதே சுவரில் பந்தடிப்பான்,
ஆறரைக்கு நிறுத்துவான், சொல்லாமலே.
இப்போது மாபிள் நிறத்தைப்
போனில் பார்த்துத் தெரிவு செய்கிறான்.
காசனுப்பி விரித்த புல்லை
இரவில் வந்த மான்கள்
நான்கே நாளில் மொட்டையாக்கின.
புரோக்கர் தவநேசன் தலையில் கைவைத்தார்.
மறுநாள் விளம்பரத்தில் ஒரு வரி கூடியிருந்தது:
இயற்கை சூழ்ந்த இடம்.

சனிக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள்.
வருமுன்னே தவநேசன் என் கொடியைப் பார்ப்பார்.
"மிஸ், இண்டைக்கு மட்டும்
அந்த மஞ்சள் சட்டையை உள்ளுக்க எடுக்கேலுமே?"
எடுப்பேன்.
கொழும்பு டாக்டர் சுவரைத் தட்டினார்.
ஓய்வுபெற்ற வங்கிக்காரர் தட்டினார், பிறகு
பிளக் ஓட்டைகளை உரக்க எண்ணினார்: இருபத்தாறு.
நிலாவெளி ஹோட்டல்காரர் தட்டவில்லை,
இடித்துவிட்டு ஐந்து அறை கட்டலாமா என்று கேட்டார்.

காணிப் பதிவகத்தில் முப்பத்தொரு வருடம்
ஊராரின் எல்லைகளைப் பிரதி எடுத்தவள் நான்.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் வளவு,
மேற்கே கடற்கரைக்கு இறங்கும் பாதை.
இந்த வீட்டு உறுதியில் நானும் இருக்கிறேன்:
தெற்கே, பொதுச்சுவர்.

போன கிழமை ஒருத்தி தனியே வந்தாள்.
"அஞ்சு நிமிஷம் என்னைத் தனிய விடுங்கோ" என்று
தவநேசனை வாசலுக்கு அனுப்பினாள்.
தரையில் இருந்தாள். வளையல் தரையில் பட்டது.
பிறகு மெல்லக் கணக்குப் பார்க்கிறாள்:
லோன் இவ்வளவு. அம்மாவின்ர காணி வித்தால் இவ்வளவு.
மூன்று கோடி எண்பது.
இல்லை, காணாது.
திரும்பவும் முதலிலிருந்து.

பிறத்தியார் கணக்கை ஒட்டுக்கேட்பது பாவம்.
சட்டி மூடி ஒன்றை வேண்டுமென்றே விழுத்தினேன்.

அந்தப் பக்கம் மூச்சில்லை.
பிறகு, சுவருக்கு மிகக் கிட்ட:
"தண்ணி ஒழுங்கா வருமோ?"

"விடிய அஞ்சுக்கு வரும்.
எட்டுக்குப் பிறகு நூல் மாதிரி."

"மழைக்கு?"

"குசினி மூலை ஒழுகும் பிள்ளை.
நிறம்தான் அடிச்சிருக்கினம்."

சிரித்தாள்.
"இன்னும் என்ன?" என்றாள்.

சொன்னேன்.
மார்கழிக் காற்றுக்கு மேல்ஜன்னல் அழுவதை,
துறைமுகத்துக் கப்பல் ஊதினால்
கட்டில் நடுங்குவதை,
வெடிப்பை, அதன் மிச்சப் பாதியை,
மாலையில் முன்னறைக்குள் வந்து
அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகும் வெயிலை.
அதையும் சொன்னேன்.
எனக்கு அந்த வெயில் கிடையாது,
சுவர் மறைக்கிறது.

தவநேசன் கதவைத் தட்டினார்.
அவள் எழும்பிப் போனாள்.
பேர் கேட்க மறந்துவிட்டேன்.

இந்தக் கிழமை விளம்பரத்தில்
விலை ஒன்பது லட்சம் இறங்கியிருக்கிறது.
மரநிழல் இருக்கிறது.
அமைதியான அயலைக் காணோம்.

மஞ்சள் சட்டை கொடியில் காய்கிறது.